காற்றுக்கு வழிவிட்ட கல்விக்கூடம்

வகுப்பறையில் புழுக்கம் மிகுந்தால் பாடம் செவியில் விழுமேயன்றி உள்ளத்தில் பதியாது. ஆசிரியப் பணியிலுள்ள நாம் இதனை நன்கறிவோம். மின்விசிறியே இதற்குத் தீர்வு என எண்ணுகிறோம். மின்சாரம் எட்டாத சிற்றூரில் என் செய்வது?

இவ்வினாவிற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டிலுள்ள காண்டோ என்னும் ஊர் விடை தந்துள்ளது. அவ்வூரினரான பிரான்சிஸ் கேரே, ஊரில் பள்ளியின்மையால் வேற்றூர் சென்று, புழுங்கும் வகுப்பறையில் பயின்றவர். பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே நிதி திரட்டினார்; ஊர்மக்களின் உழைப்பால் 2001இல் தொடக்கப்பள்ளி எழுந்தது.

அதன் சுவர்கள், களிமண்ணுடன் சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய கற்களால் ஆனவை. பகல் வெப்பம் அவற்றினூடே மெல்லவே உட்புகும். உட்கூரையும் இடைவெளிகளுடன் அமைந்த கற்பரப்பே. அதற்கு மேல், காற்றோட இடம்விட்டுத் தகரக்கூரை உயர்த்தப்பட்டுள்ளது. தகரத்தின் வெப்பத்தை இடையிலோடும் காற்று கொண்டுசெல்கிறது. அறையின் வெப்பக்காற்று இலேசாகி மேலெழுந்து உட்கூரை வழியே வெளியேற, சன்னல்கள் வழியே புதுக்காற்று நுழைகிறது. இதற்கு மின்சாரம் சிறிதும் வேண்டியதில்லை.

இப்பள்ளி 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருதினையும், கேரே 2022இல் பிரிட்ஸ்கர் பரிசினையும் பெற்றமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கூரையிலிருந்து இறங்கும் வெப்பத்தை விசிறி சுழற்றுமேயன்றி நீக்காது. ஆதலின், பள்ளி கட்டுவோர் விசிறிகளை எண்ணுமுன், காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்கட்டணம் குறைவது மட்டுமன்று. நண்பகல் வகுப்பிலும் மாணவர் விழிப்புடன் இருப்பர்.