பிக்கப்புக்குப் பெரிய டயர்: மூணு ரோடு, ஒரே கணக்கு

நான் இப்போ நிக்கிறது கனகம்மாசத்திரம். திருவள்ளூர் தாண்டி திருத்தணி, திருப்பதி போற நெடுஞ்சாலை இது. பழைய நம்பர் 205, இப்போ 716.

இந்த ரோட்டோரமா கொஞ்ச நேரம் நின்னாலே போதும், எத்தனை விதமான பிக்கப் போகுதுன்னு தெரிஞ்சிடும். பொலீரோ பிக்கப், தோஸ்த், யோதா, நடுவுல நடுவுல இசுஸு வி-கிராஸ். சித்தூர் பக்கத்து மாங்காய் சென்னைக்குப் போகும், சென்னைச் சரக்கு நகரி, புத்தூருக்குப் போகும். அதுல சில வண்டி மட்டும் தனியா தெரியும். டயர் மட்கார்டை விட்டு வெளியே துருத்திக்கிட்டு, வண்டியே ஒரு சுத்து பெரிசா நிக்கும். பார்க்க கம்பீரமாத்தான் இருக்கு, அதுல மாத்துக் கருத்து இல்லை.

வேடிக்கை என்னன்னா, டயரும் பிக்கப்பும் பிறக்கிற ஊருங்க நம்மளைச் சுத்தியே இருக்கு. அரக்கோணத்துல எம்.ஆர்.எஃப். தேர்வாய்கண்டிகையில மிஷலின். எல்லையைத் தாண்டினா ஸ்ரீசிட்டியில இசுஸு, 2016-ல இருந்து அங்கதான் வண்டி செய்றாங்க. வண்டியை வடிவமைச்ச ஒருத்தர் உட்கார்ந்து இந்த வண்டிக்கு இந்த டயர்னு முடிவு பண்ணியிருக்காரு. அதை நாம மாத்தும்போது எதையெல்லாம் சேர்த்து மாத்துறோம்? இந்த வீடியோ அதைப் பத்தித்தான்.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். டயரைப் பெரிசாக்கினா பிரேக், கியர், ஸ்டீயரிங், மீட்டர் நாலையும் ஸ்பேனர் படாமலே மாத்திட்டீங்க. எவ்வளவு மாத்தினீங்கன்னு கணக்குப் போடலாம். வாங்க, போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: டயரோட பக்கச்சுவர், எழுத்து தெரியுற மாதிரி கிட்டத்துல]

இது வி-கிராஸோட கம்பெனி டயர். 255/60 ஆர்18னு போட்டிருக்கு. 255-ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 60-ங்கறது, அந்த அகலத்துல 60 சதவீதம் பக்கச்சுவரோட உயரம். 255-ல 60 சதவீதம்னா 153 மில்லிமீட்டர். 18-ங்கறது ரிம், இஞ்ச் கணக்கு, அதாவது 457 மில்லிமீட்டர். மேல ஒரு 153, கீழ ஒரு 153, நடுவுல 457. மொத்த உயரம் 763 மில்லிமீட்டர்.

இப்போ அதே ரிம்ல 285/60 ஆர்18 போடுறோம்னு வெச்சுக்குங்க. பக்கச்சுவர் 171. மொத்தம் 799. கூடினது 36 மில்லிமீட்டர், ரெண்டு விரல் அகலம். சதவீதத்துல 4.7. வண்டி உயர்றது அதுல பாதிதான், 18 மில்லிமீட்டர். ஏன்னா ஆக்சில் டயரோட நடுவுலதானே இருக்கு. இந்த ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு மூணு ரோட்டுக்குப் போவோம்: இந்த நெடுஞ்சாலை, திருத்தணி மலை ரோடு, அப்புறம் திருவாலங்காடு பக்கத்துக் கரும்புத் தோட்டத்துப் பாதை.

முதல் ரோடு, நெடுஞ்சாலை.

மீட்டருக்கு வேகம் தெரியாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் தெரியும். சுத்து அதேதான், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி 4.7 சதவீதம் கூடுதலா ஓடுது. முன்னாடி மீட்டர்ல 80 காட்டும்போது நீங்க என்ன வேகத்துல போனீங்களோ, இப்போ அதைவிட கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் கூட போறீங்க. முள்ளு அதே 80-லதான் நிக்கும்.

நாலு கிலோமீட்டர்தானேன்னு தோணும். ஆனா வண்டியை நிறுத்தணும்னா வேகத்தோட வர்க்கம்தான் கணக்கு. 4.7 சதவீத வேகம் கூடினா, பிரேக் தின்ன வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். அதோட இன்னொண்ணு. பிரேக் சக்கரத்தோட நடுவுல பிடிக்குது, ரோடு டயரோட விளிம்புல இருக்கு. நடுவுக்கும் விளிம்புக்கும் தூரம் கூடினா, அதே மிதிக்கு ரோட்டுல கிடைக்கிற பிடி குறையும். இங்கே 4.5 சதவீதம் குறையுது. ரெண்டையும் சேருங்க. மீட்டர்ல அதே 80, கால்ல அதே அழுத்தம், நிக்கிற தூரம் மட்டும் 15 சதவீதம் கூடுது. 50 மீட்டர்ல நின்ன வண்டி இப்போ 57 மீட்டர்ல நிக்கும். அந்த ஏழு மீட்டர் ஒரு பிக்கப்போட நீளத்தைவிட அதிகம்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சா போச்சு"ன்னு சொல்லுவீங்க. சரிதான், வண்டி காலி, பிரேக் நல்ல நிலைமையில இருந்தா மிதிச்சு நிறுத்திடலாம். ஆனா குறுக்க ஆடு ஓடுற அந்த ஒரு நொடியில உங்க கால் கணக்குப் பார்க்காது. பல வருஷமா பழகின அழுத்தத்தைத்தான் கொடுக்கும்.

மழைக் காலத்தையும் நெடுஞ்சாலையிலயே பேசிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில இந்த ரோட்டுல பள்ளமான இடத்துலயெல்லாம் தண்ணி நிக்கும். அகலமான டயர் முன்னால அதிகத் தண்ணியை ஒதுக்கணும். ஒதுக்க முடியலைன்னா டயர் ரோட்டை விட்டுத் தண்ணி மேல ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடும், திருப்பினா வண்டி திரும்பாது. அகலம் கூடக் கூட இன்னும் குறைஞ்ச வேகத்துலயே இது நடக்கும், அதுவும் வண்டி காலியா இருந்தா இன்னும் சீக்கிரம் நடக்கும். பெரிய பெரிய பட்டன் வெச்ச சேத்து டயர் போட்டா கதை வேற மாதிரி. தண்ணி வழிய இடம் இருக்கும், ஆனா ஈரத் தார் ரோட்டுல அழுந்திப் பிடிக்க ரப்பர் கம்மி.

அடுத்து ஸ்டீயரிங். அகல டயர் உள்ள உரசாம இருக்கணும்னு அலாய் மாத்தியோ ஸ்பேசர் வெச்சோ சக்கரத்தை வெளியே தள்ளுறாங்க. தண்ணிக் குடத்தை இடுப்புல ஒட்டி வெச்சுத் தூக்குறதுக்கும், கையை நீட்டிப் பிடிச்சுத் தூக்குறதுக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் வீல் பேரிங்குக்கு. குடம் அதேதான், தோள்பட்டை தாங்காது. சக்கரம் வெளியே போகப் போக ஒரு பக்க டயர் பள்ளத்துல இறங்கினா ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கும். பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு சீக்கிரம் தேயும். முழு ஒடிப்புல திருப்பும்போது உள்பக்கம் உரசுற சத்தம் கேட்டா, அதை "பழகிடும்"னு விட்டுடாதீங்க. லோடு ஏறி ஸ்பிரிங் இறங்கினா அதே இடம் டயரை அறுக்க ஆரம்பிச்சுடும்.

ரெண்டாவது ரோடு, திருத்தணி மலை.

படியில ஏறுறவங்களுக்கு 365 படி. வண்டியில போறவங்களுக்கு வளைஞ்சு வளைஞ்சு ஏறுற ரோடு. ஆடிக் கிருத்திகை கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறணும். பெரிய டயர் போட்டா எல்லாக் கியரும் ஒரே நேரத்துல உசந்துடும். வி-கிராஸ் இன்ஜின் இழுவை 360 நியூட்டன் மீட்டர். நம்ம ரெண்டு விரல் கணக்குல, ரோட்டுக்கு வந்து சேர்றது 344 இருக்கிற வண்டி மாதிரிதான். 16-ஐ வழியிலேயே விட்டாச்சு. மேனுவல் வண்டியா இருந்தா இதை டிரைவர் பாதி கிளட்ச்சுல ஈடுகட்டுவாரு. நின்னு நின்னு ஏறும்போது ஒரு கருகல் வாடை வரும் பாருங்க, அந்த 16-க்கு பில் கட்டுறது கிளட்ச் பிளேட்தான்.

இறங்கும்போது இன்னும் கவனம் வேணும். ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இறக்கும். இப்போ அந்தப் பிடியும் 4.5 சதவீதம் குறைஞ்சாச்சு. மிச்சத்தை பிரேக் ஏத்துக்கணும். பிரேக் சூடேறும், சூடேறினா பிடி மங்கும்.

வளைவுல உயரமும் கணக்குக்கு வரும். டயரால வர்ற 18 மில்லிமீட்டர் தனியாப் பார்த்தா பெரிசு இல்லை. ஆனா பெரிய டயர் போடுறவங்க அதோட நிறுத்துறது இல்லையே. டயர் உரசுதுன்னு முன்னாடி ஸ்பேசர், பின்னாடி ஸ்பிரிங்குக்கு அடியில பிளாக் வெச்சு இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்குவாங்க. அதுக்கு மேல கேபின் உயரத்துக்கு லோடு. அப்போ வளைவுல வண்டி சாயுற சாய்வை உள்ளே உட்கார்ந்தே உணரலாம். பிக்கப் குடை சாய இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்த உயரமும் ஒரு காரணம்.

மூணாவது ரோடு, கரும்புத் தோட்டம்.

திருவாலங்காட்டுல திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. சுத்துப்பட்டுல கரும்பு வெட்டுற சமயத்துல, வயல்ல இருந்து ரோட்டுக்கு வர்ற பாதையில டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. இங்கே பெரிய டயருக்கு நியாயம் இருக்கு. ஆக்சில் அடி தட்டாது, பள்ளத்தோட விளிம்புல ஏறி வெளியே வரும், சேத்துல அகலமா உட்கார்ந்து குறைவாப் புதையும். இதை மறைச்சுப் பேசினா நான் பொய் சொல்றவன் ஆயிடுவேன்.

ஆனா இங்கேயும் ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, லோடு எண். அளவுக்குப் பக்கத்துலயே 108, 112-ன்னு ஒரு நம்பர் இருக்கும். 108-னா ஒரு டயர் 1,000 கிலோ தாங்கும், 112-னா 1,120 கிலோ. உருவத்துல பெருசா இருக்கிற டயர் எல்லாம் அதிகம் தாங்கும்னு நினைக்கக் கூடாது. கார் வகை டயர் பெரிய அளவுல வரும், லோடு எண் குறைவா இருக்கும். சரக்கு ஏத்துற வண்டிக்கு அதைப் போட்டா, சூடேறி வெடிக்கிற நாள் வெயில் காலத்துல வரும்.

ரெண்டாவது, எடை. பெரிய சேத்து டயர் ஒண்ணொண்ணும் அஞ்சு ஆறு கிலோ கூட இருக்கலாம். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குது. காலி பிக்கப்போட பின்பக்கம் எப்படித் துள்ளும்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிறது லோடுக்காகப் போட்ட கெட்டியான ஸ்பிரிங் பட்டை. அதுல எடை கூடின சக்கரம் சேர்ந்தா, மேடு பள்ளத்துல டயர் தரையை விட்டு எழும்பி எழும்பி விழும். ஷாக் அப்சார்பர் அந்த எடைக்குச் செஞ்சது இல்லை. டயர் தரையில இல்லாத அந்தக் கணத்துல திருப்பினா, வால் பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகும்.

சிலர் பின்னாடி மட்டும் பெரிய டயர் போடுவாங்க. ஃபோர் வீல் வண்டியில அது வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் வேற வேற சுத்து சுத்தினா, ஃபோர் வீல் போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கும். ஸ்டெப்னியும் அதே அளவுல இருக்கணும்.

"உலகத்துல யாருமே பெரிய டயர் போடலையா?"ன்னு கேட்டா, போட்டிருக்காங்க. ஐஸ்லாந்துல ஆர்க்டிக் டிரக்ஸ்னு ஒரு கம்பெனி டொயோட்டா ஹைலக்ஸுக்கு 38 இஞ்ச் டயர் போட்டுக் கொடுக்கும். 2007-ல பிபிசியோட டாப் கியர் நிகழ்ச்சிக்காரங்க காந்த வட துருவத்தை நோக்கிப் போனது அந்த வண்டியிலதான். பனி மேல புதையாம போக அவ்வளவு அகலம் வேணும், காத்தையும் ரொம்ப இறக்கி ஓட்டுவாங்க. ஆனா அவங்க டயரை மட்டும் மாத்தலை. மட்கார்டை வெட்டி, சஸ்பென்ஷனை மாத்தி, டிஃபரென்ஷியல் பல் கணக்கையும் மாத்தினாங்க. டயர் எடுத்துக்கிட்ட இழுவையை கியர்ல திருப்பிக் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல டயருக்கு மட்டும் காசு கொடுத்துட்டு மிச்சத்தை வண்டி தலையில கட்டிடுறோம்.

சட்டமும் ஒரு வரியில. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரிச்சவர் கொடுத்த அமைப்புக்கு மாறா மாத்தக் கூடாதுங்குது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. மீறினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. எஃப்.சி. காட்டும்போது பழைய டயரை மாட்டிட்டு வந்து அப்புறம் மாத்திக்கிறவங்க, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கிறது எந்த டயரைன்னு யோசிச்சுக்குங்க.

சரி, என்னதான் பண்றது?

லோடு அடிக்கிற வண்டியா? கம்பெனி அளவைத் தாண்டாதீங்க. அதே அளவுல லோடு எண் குறையாத நல்ல டயர் போடுங்க. சேத்துப் பாதைக்குன்னா அதே அளவுல பட்டன் ஆழமான ரகம் கிடைக்கும். தோட்டத்துல பாதி பிரச்சினை டயர் அளவால இல்லை, பட்டன் தேஞ்ச மொட்டை டயரால.

சொந்த உபயோகத்துக்கு வி-கிராஸ் மாதிரி வண்டியா, கொஞ்சம் எடுப்பா இருக்கணுமா? முதல்ல ஓனர் மேனுவல்லயும் கதவோரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயும் எந்தெந்த அளவு ஒத்துக்கிட்டிருக்காங்கன்னு பாருங்க. கணக்கு எப்படி மாறுதுன்னு சொல்றேன்: 265/60 ஆர்18-னா உயரம் 775, வித்தியாசம் 1.6 சதவீதம். மீட்டர், பிரேக், இழுவை எதுலயும் பெரிய அடி விழாது. 3 சதவீதத்தைத் தாண்டினா பிரேக்கும் கியரும் செலவுக் கணக்குல வந்தாகணும்.

மாத்தினவங்க செய்ய வேண்டியது: ஜி.பி.எஸ். வேகத்தை மீட்டரோட ஒத்துப் பாருங்க. அலைன்மென்ட் பாருங்க. முழு ஒடிப்பு திருப்பி, லோடோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை, உரசுதான்னு பாருங்க. ஆளில்லாத ரோட்டுல ஓட்டி, பழகின பிரேக் மிதியை மிதிச்சு, வண்டி எங்கே நிக்குதுன்னு உங்க கால்ல பதிய வெச்சுக்குங்க. "டயர் மாத்தினதுல மைலேஜ் போச்சு"ன்னு திட்டுறதுக்கு முன்னாடி, கிலோமீட்டர் மீட்டரே 4.5 சதவீதம் குறைவாக் காட்டுதுங்கறதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

டயர் கடைக்குப் போனா விலை கேட்கிறதுக்கு முன்னாடி பக்கச்சுவரைப் படிங்க. மூணு நம்பர், ரெண்டு பெருக்கல், ஒரு கூட்டல். போன்லயே போட்டுடலாம். அடுத்த வீடியோவுல லோடுக்குத் தகுந்த காத்து எவ்வளவுன்னு பார்ப்போம்.