‘ஓஃப்’ என்றால் அணைத்துவிட்டார்களா?

என் ராத்தாவின் மகள் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒருநாள் கண்கலங்கியபடி வந்து, “மாமா, அவங்க என்ட விண்ணப்பத்த ஓஃப் பண்ணிட்டாங்க” என்றாள். நானும் கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே, “பரவால்ல மகள், வேற இடம் பாப்பம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் அதை வாசித்தேன். அதில் இருந்தது ‘ஹோல்டிங் ஓஃப்’ என்ற சொல். உங்கள் சான்றிதழ்கள் வந்து சேரும்வரை முடிவெடுக்காமல் வைத்திருக்கிறோம் என்பதே பொருள். அதற்குள் தவணை முடிந்துவிட்டது. இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கும் என் வீட்டிலேயே இது நடந்தது.

பிழை எங்கே? நம் பிள்ளைகள் ‘ஓஃப்’ என்ற சொல்லை முதலில் அறிவது மின்விளக்கின் சுவிட்சில். ஆகவே ஓஃப் என்றால் அணைந்தது, முடிந்தது என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் ‘அப்பால்’, ‘விலகி’ என்பதுதான். முன்னே வரும் வினை, எப்படி விலக்குகிறோம் என்பதைச் சொல்கிறது.

முதலில் காலத்தோடு சம்பந்தப்பட்டவை. ‘புட் ஓஃப்’ என்பது நாம் சொல்லும் ‘தள்ளிப்போடு’தான். ஆங்கிலத்தின் ‘புட்’டும் நம்முடைய ‘போடு’வும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. ‘ஹோல்ட் ஓஃப்’ என்றால், ஒன்றை எதிர்பார்த்து இன்னும் தொடங்காமல் இருப்பது. ‘ஹோல்ட் அப்’ வேறு. அது நாம் விரும்பாமல் நேரும் தாமதம். வீதி நெரிசலில் அகப்பட்டவர் ‘ஹெல்ட் அப்’ என்பார். ‘புட் ஓஃப்’ என்று எழுதினால் வேண்டுமென்றே பின்போட்டதாக ஆகிவிடும். உண்மையிலேயே ரத்துச் செய்வதற்கு ‘கோல் ஓஃப்’ இருக்கிறது. கூட்டம் ‘புட் ஓஃப்’ என்றால் வேறொரு நாள் நடக்கும். ‘கோல் ஓஃப்’ என்றால் நடக்காது.

‘புட் ஓஃப்’ ஆளுக்கும் வரும். ஒருவருடைய பேச்சு என்னை ‘புட் ஓஃப்’ செய்தது என்றால், எனக்கு மனம் விட்டுப்போனது என்று அர்த்தம். தமிழிலும் ‘தள்ளிவை’ என்பது வேலைக்கும் வருகிறது, ஆளுக்கும் வருகிறது அல்லவா?

அடுத்தது, ஆபத்தை அண்டவிடாமல் வைப்பவை. ‘கீப் ஓஃப்’ எளிது. புல்லை மிதிக்காதீர் என்ற பலகையில் காண்கிறோம். ‘வோர்ட் ஓஃப்’ என்பதில் காவல் என்ற பொருள் உண்டு. விடுதிக்குப் பொறுப்பான ‘வோர்டன்’ அதே வேரில் வந்தவர். நோய் வராமல், பலாய் முஸீபத்து அண்டாமல் காப்பதற்கு இச்சொல் பொருந்தும். ‘ஃபென்ட் ஓஃப்’ என்பது மேலே வந்து விழுவதைத் தடுத்துத் தள்ளுவது. ‘டிஃபென்ட்’ என்பதன் குறுகல் அது. படகின் பக்கத்தில், துறைமேடையில் மோதாமல் தொங்கவிடும் டயருக்கு ‘ஃபென்டர்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். தாக்க வருபவனையும் சங்கடமான கேள்வியையும் ‘ஃபென்ட் ஓஃப்’ செய்யலாம்.

‘ஸ்டேவ் ஓஃப்’ சுவையானது. ‘ஸ்டேவ்’ என்றால் தடி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கட்டிவைத்த கரடியின் மேல் நாய்களை ஏவும் விளையாட்டு இருந்தது; அந்த நாய்களைத் தடியால் விலக்குவதை இச்சொல்லால் குறித்தார்கள். தடியை எடுத்தால் நாய் திரும்பவும் பாயும். இன்றும் அந்த நிழல் சொல்லில் இருக்கிறது. ஒரு பிஸ்கட் பசியை ‘ஸ்டேவ் ஓஃப்’ செய்யும். பசி தீராது, கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும். கடன் வாங்கிக் கடை மூடப்படுவதைத் தடுப்பதும் அப்படித்தான்.

இரண்டு இலக்கணக் குறிப்புகள். ‘புட் ஓஃப்’புக்குப் பின்னால் வினை வந்தால் ‘கோயிங்’, ‘ரைட்டிங்’ என்றுதான் வரும். ‘டு கோ’ வராது. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில் நிற்கும்: ‘புட் இட் ஓஃப்’ சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை.

இப்போது மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கடிதத்தில் ‘ஓஃப்’ கண்டதும் பயப்படாதீர்கள். அதற்கு முன்னால் என்ன வினை நிற்கிறது என்று பாருங்கள். பின்னால் ‘அன்டில்’ இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் கதவு இன்னும் மூடப்படவில்லை, நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மருமகள் திரும்ப விண்ணப்பித்திருக்கிறாள். இந்த முறை வரும் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம்.