குழந்தை நடக்கும் காலம்



பிள்ளைத்தமிழ் நூலார் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரையை 5ஆம் மாதத்துக்கும், கைகொட்டும் சப்பாணியை 9ஆம் மாதத்துக்கும், தளர்நடையிட்டு வரும் வருகையை 13ஆம் மாதத்துக்கும் உரியனவாக்கினர். இவ்வரிசை பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும் மாதக் கணக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக அமைவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நலமுள்ள குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்குங் காலம் ஏறக்குறைய 8 மாதம் முதல் 18 மாதம் வரை விரிகின்றது. அயல் வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்திருக்க, நம் குழந்தை 14 மாதத்திலும் தவழுமாயின், அது மட்டும் ஒரு குறையன்று. ஆனால், 18 மாதங் கடந்தும் நடவாத குழந்தையையும், எம்மாதத்திலாயினும் ஒலி கேட்டுத் திரும்பாத குழந்தையையும் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடலாகாது. குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். செவிக்குறையை முன்னரே அறிந்தால் பேச்சை வளர்த்தல் எளிதாகும்.

குமரப் பருவத்திலும் இந்நியதியே நிலவுகின்றது. பெண்பிள்ளைகளின் விரைந்த வளர்ச்சி ஆண்பிள்ளைகளினும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் முந்தித் தொடங்கும். 12 வயதில் வகுப்பின் முன்வரிசையில் நிறுத்தப்படும் சிறுவன், 16 வயதில் ஏனையோரை எட்டிவிடுதல் ஆசிரியர் பலரும் கண்டதே. அவனை எள்ளுவதால் உயரம் கூடாது, உள்ளமே குன்றும்.

ஆகவே, பெற்றோரே, பதிவேட்டில் உங்கள் குழந்தையின் நிறைக்கோடு மேனோக்கிச் செல்கின்றதா என்று பாருங்கள். அயல் வீட்டுத் தொட்டிலைப் பார்க்க வேண்டா.