42 பேரில் 41 பேர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள வினோனா, சுமார் 5,000 பேர் வாழ்ந்த சின்ன ஊர். 1996 ஜூலை 16 காலை, அங்கிருந்த ஃபர்னிச்சர் கடை ஒன்றில் 4 பேர் சுடப்பட்டுக் கிடந்தார்கள்; நால்வருமே இறந்துபோனார்கள். கொஞ்ச நாள் முன்புவரை அந்தக் கடையில் வேலை பார்த்த கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற 26 வயது கறுப்பின இளைஞர்மீது பழி விழுந்தது. இந்த ஒரே வழக்குக்காக 1997-லிருந்து 2010-க்குள் அவரை 6 முறை கூண்டில் ஏற்றினார்கள். நான்கு முறை மரண தண்டனை. இரண்டு முறை ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வராமல் விசாரணை முறிந்தது. ஆறு முறையும் அரசுத் தரப்பை நடத்தியவர் ஒருவரே. அந்த வட்டாரத்தின் அப்போதைய மாவட்ட அட்டர்னி டக் எவன்ஸ், வெள்ளையர்.

நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அமெரிக்காவில் இன்றும் கொலை வழக்கில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது ஊருக்குள்ளிருந்து அழைத்து வரப்படும் 12 பேர்தான். வந்தவர்களில் ஒருதலையாக நடப்பவர் என்று தெரிந்தவரைக் காரணம் காட்டி நீக்கச் சொல்லலாம். நீதிபதி முடிவு செய்வார். அதற்கு மேல், பெரும்பாலான மாநிலங்களில் இரு தரப்புக்கும் இன்னொரு உரிமையும் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கை வரை, காரணமே சொல்லாமல் ‘இவர் வேண்டாம்’ என்று ஒதுக்கிவிடலாம்.

எவன்ஸ் அந்த உரிமையை யார்மீது செலவழித்தார் என்பது நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது. முதல் விசாரணையில் தகுதியுடன் இருந்த கறுப்பினத்தவர் 5 பேரையும் நீக்கினார். இரண்டாவதிலும் 5 பேரை நீக்கப் பார்த்தார். ஒருவர் விஷயத்தில் நீதிபதி ஒப்பவில்லை. மூன்றாவதில் கையில் இருந்த 15 வாய்ப்பையும் கறுப்பினத்தவர்மீதே பயன்படுத்தினார். நான்காவதில் 11-க்கு 11. ஐந்தாவதற்கான இனவாரிக் கணக்கு பதிவில் இல்லை. ஆறாவதில் 6 பேரில் 5 பேரை நீக்கினார். கூட்டினால், அரசுத் தரப்பு நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்க முயன்றிருக்கிறது. இத்தனைக்கும் வினோனாவில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள்.

2010-ல் நடந்த ஆறாவது விசாரணையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நீக்கப்பட்ட 5 கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் கேட்டவை, எல்லோருக்கும் சேர்த்து, 12. நீக்கப்பட்ட பெண் ஒருவருக்குச் சொன்ன காரணங்களில் இரண்டு: சாட்சிகள் பலரை அவருக்குத் தெரியும், ஃபிளவர்ஸின் தந்தை வேலை பார்த்த வால்மார்ட்டில் அவரும் வேலை பார்த்திருக்கிறார். சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? வங்கி வேலையின்போது ஃபிளவர்ஸ் குடும்பத்தாருடன் பழகிய வெள்ளையரும் அந்த அழைப்புப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைத் துருவி ஒரு கேள்விகூட இல்லை. நிறைய கேட்டால் நிறைய பதில் வரும். அதில் ஏதாவது ஒன்று ‘காரணமாக’ உதவும். இன வெறுப்பு சட்ட மொழிக்கு மாறுவது இந்த இடத்தில்தான்.

இப்படி இனம் பார்த்து நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. அது கென்டக்கி மாநிலத்தின் பேட்சன் வழக்கு. சந்தேகம் எழுந்தால், இனத்தோடு தொடர்பில்லாத ஒரு காரணத்தை அரசு வழக்கறிஞர் சொல்ல வேண்டும் என்பது விதி. விதி வந்த மறுவருடமே அது எவ்வளவு எளிதாகத் தாண்டப்பட்டது என்பதற்கு ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கு சாட்சி. அரசுத் தரப்பின் கோப்பு, தகவல் பெறும் சட்டத்தின் வழியாக ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து வெளியே வந்தது. ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் பச்சை மையில் தீட்டப்பட்டிருந்தன. கட்டாயம் வேண்டாதவர்கள் என்று தனியாக ஒரு பட்டியல். அதில் முதல் 5 பேரும் கறுப்பினத்தவர். ஆனால் நீதிமன்றத்தில் சொன்னது வேறு. 34 வயதுப் பெண்ணை நீக்க, அவர் வயது 19 வயதுக் குற்றவாளியின் வயதுக்கு நெருக்கம் என்றார்கள். 21 வயது வெள்ளையர் ஒருவரை அதே ஜூரியில் உட்கார வைத்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் ஃபாஸ்டருக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது.

அந்தக் கோப்பு கிடைத்திருக்காவிட்டால்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் அரிக்கிறது. பச்சை மை எல்லா அலுவலகத்திலும் இருக்காது; மனசுக்குள் போட்ட கோட்டை எந்தச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்குவது?

ஜூரித் தேர்வு ஒரு கட்டம்தான். யார்மேல் எந்தக் குற்றச்சாட்டு, யாரிடம் சமரசம், யாருக்கு மரண தண்டனை கேட்பது என எல்லாமே அரசு வழக்கறிஞரின் முடிவு. 1970-களின் ஜார்ஜியா கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் குழு ஆராய்ந்தது. கொலையுண்டவர் வெள்ளையராகவும் குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவராகவும் இருந்த வழக்குகளில் 70 விழுக்காட்டில் மரண தண்டனை கோரப்பட்டது. இருவருமே கறுப்பினத்தவர் என்றால் 15 விழுக்காடு. ஜார்ஜியாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த வாரன் மெக்கிளெஸ்கி இந்தப் புள்ளிவிவரத்தோடு உச்ச நீதிமன்றம் போனார். 1987-ல் 5-க்கு 4 என்று தோற்றார். உங்கள் வழக்கில் உள்நோக்கம் இருந்ததை நிரூபியுங்கள் என்றது நீதிமன்றம். 1991-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஃபிளவர்ஸ் உயிரோடு தப்பினார். 2019-ல் 7-க்கு 2 என்று உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதி பிரெட் கேவனா; எதிர்த்து எழுதியவர், கறுப்பினத்தவரான கிளாரன்ஸ் தாமஸ். அதற்கு முன்பே, ‘என்னிடம் அவர் ஒப்புக்கொண்டார்’ என்று சாட்சி சொல்லிவந்த சிறைக்கைதி, அது பொய் என்று ஒரு பாட்காஸ்ட் நிருபரிடம் சொல்லிவிட்டார். 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது. சிறையில் போனது ஏறக்குறைய 23 ஆண்டு. தாய் 2018-லேயே இறந்துவிட்டார். மிசிசிப்பி சட்டம் தவறான சிறைவாசத்துக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் தரும், ஆனால் 5 லட்சத்துக்கு மேல் தராது. அதனால் 10 ஆண்டுக்குத்தான் பணம். அதுவும் மாநில அரசின் பணம். நீதிமன்றத்தில் வழக்கை நடத்தும் வேலைக்காக ஒரு அரசு வழக்கறிஞரிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று 1976-லேயே தீர்ப்பு இருக்கிறது.

எவன்ஸ் என்ற ஒருவரைத் திட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. 1986 தீர்ப்பிலேயே நீதிபதி தர்குட் மார்ஷல் தனியாக எழுதினார்: காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை இருக்கும்வரை இது ஓயாது, அதையே ஒழியுங்கள் என்று. ஒழித்தால் கறுப்பினக் கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞரும் இன வெறுப்புள்ள ஒருவரை நீக்க வழியின்றிப் போவார் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் வெறுப்பு தெரிந்தால் நீதிபதியிடம் காரணம் காட்டி நீக்கும் வழி அப்படியே இருக்கும். அந்த வழியை நீதிபதிகள் தாராளமாகத் திறக்க வேண்டும். அரிசோனா 2022 ஜனவரியிலிருந்து மார்ஷல் சொன்னபடியே செய்துவிட்டது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல் மாநிலம். மிசிசிப்பியும் மற்ற மாநிலங்களும் அதே வழிக்கு வர வேண்டும்.