ஒளியை முந்துமோ செய்தி?

ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். வானொலி அலையின் விரைவும் அதுவே. எனினும், பூமியிலிருந்து அனுப்பும் ஆணை செவ்வாய்க் கோளைச் சேர, இரு கோள்களும் அணுகியிருக்கும் காலத்தில் 3 நிமிடமும், மிக அகன்றிருக்கும் காலத்தில் 22 நிமிடமும் ஆகின்றன. அங்கு ஓடும் ஊர்தியை இங்கிருந்தே ஓட்ட முயன்றால், 'நில்' என்னும் ஆணை போய்ச் சேருமுன் அது பாறையில் மோதிவிடக்கூடும். இத்தாழ்வை நீக்க வழியுண்டா? குவாண்டம் பிணைப்பு என்னும் விந்தையைக் கண்ட சிலர், உண்டென்றே நம்பினர்.

சிலவகைப் படிகங்களின் உள்ளே லேசர் ஒளியைச் செலுத்தினால், ஒளித்துகள் ஒன்று மறைந்து, பிணைந்த இரு துகள்கள் தோன்றுவதுண்டு. அவற்றை எவ்வளவு தொலைவு பிரித்தாலும், இரண்டின் அதிர்வையும் ஒரே வகையாகச் சோதிக்கும்போது விடைகள் ஒத்திருக்கும். பிறக்கும்போதே விடையைத் தம்முள் கொண்டு வந்திருக்கும். இதில் வியப்பென்ன என்று ஒருவர் வினவலாம். ஐன்ஸ்டைனின் கருத்தும் ஏறக்குறைய அதுவே. ஆயின், 1964-இல் ஜான் பெல் என்பார் அக்கருத்தைச் சோதித்தறியும் வழியை வகுத்தார். பின்னர் நிகழ்ந்த சோதனைகள் அவ்வெளிய விளக்கம் பொருந்தாதெனக் காட்டின. அவற்றைச் செய்த ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவரும் 2022-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

அங்ஙனமாயின், ஒரு துகளைத் தொட்டு மற்றொன்றின் வாயிலாகச் செய்தி சொல்லலாகாதா? ஆகாது. இருவர் கையில் இரு பகடைகள் உள்ளன. அவர்கள் உருட்டும்போதெல்லாம் இரண்டிலும் ஒரே எண் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், இன்ன எண் விழுக என்று ஆணையிட எவராலும் இயலாது. ஆதலின் எதிர்முனையிலிருப்பவர் காண்பது ஒழுங்கற்ற எண்களின் வரிசையே. இரு வரிசைகளையும் ஒப்பிட்ட பின்னரே ஒற்றுமை புலப்படும். ஒப்பிடுதற்கோ, ஒரு வரிசையை வானொலி போன்ற பழைய வழியால்தான் அனுப்பவேண்டும்.

இத்தடையைக் கடக்க அமெரிக்க அறிஞர் நிக் ஹெர்பர்ட் ஓர் உபாயம் கண்டார். விடையைத் தேர்ந்தெடுக்க முடியாவிடினும், சோதனையின் வகையைத் தேர்ந்தெடுக்கலாமன்றோ? நேர்கோட்டு அதிர்வைச் சோதித்தால் 'ஆம்'. சுழலும் அதிர்வைச் சோதித்தால் 'இல்லை'. பெறுவோர் தம் துகளை லேசர்க் கருவியால் பல படிகளாகப் பெருக்கி, பாதியை ஒருவகையாலும் மீதியை மற்றொரு வகையாலும் சோதிக்கவேண்டும். எவ்வகையில் விடைகள் யாவும் ஒன்றாய் அமைகின்றனவோ, அதுவே அனுப்புநர் செய்த சோதனை என்றார் அவர்.

அக்கட்டுரையை இதழுக்காக மதிப்பிட்டவருள் ஒருவரான கிரார்டி, பிழையைச் சுட்டி, வெளியிடலாகாதென்றார். மற்றொருவரான ஆஷர் பெரஸ், தவறென அறிந்தே வெளியிடப் பரிந்துரைத்தார். பிழையைத் தேடும் முயற்சியால் இயற்பியலறிவு வளருமென்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பொய்க்கவில்லை. கட்டுரை வெளியான 1982-ஆம் ஆண்டிலேயே, முன்னறியாத நிலையிலுள்ள ஒரு துகளைப் பிழையின்றிப் படியெடுத்தல் இயலாது என்று ஊட்டர்ஸும் சூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனித்தும் மெய்ப்பித்தனர். லேசர் ஒளியைப் பெருக்கும்போது, தூண்டுதலின்றித் தாமே பிறக்கும் துகள்களும் உடன் கலந்து படியைக் கெடுத்துவிடும். பிழையான கட்டுரையொன்று இத்துணைப் பயன் விளைத்தது அறிவியல் வரலாற்றில் அரிதே.

விரைவுக்கு உதவாத பிணைப்பு மறைவுக்கு உதவிற்று. இருவர்க்கு மட்டும் கிட்டும் ஒரே ஒழுங்கற்ற வரிசையைச் செய்தியைப் பூட்டும் திறவுகோலாகக் கொள்ளலாம். இடையில் ஒற்றர் துகளைப் படியெடுக்க முயன்றால், வரிசைகளிடையே பிழைகள் தோன்றி அச்செயலைக் காட்டிக்கொடுக்கும். சீனம் 2016-இல் ஏவிய 'மோசி' என்னும் செயற்கைக்கோளின் துணையால், 1,120 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்கள் இத்தகைய திறவுகோலைப் பெற்றன என்னும் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அத்திறவுகோலால் பூட்டப்படும் செய்தி, வானொலி அலையாகவோ கண்ணாடி இழையின் வழியாகவோ, ஒளியின் விரைவை மீறாமலே செல்கிறது.