தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வந்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? பக்கத்திலேயே இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்ற ஜி.எஸ்.டி. சாலையையும் பார்த்திருப்பீர்கள். அதே சாலையில் கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு எல்லாம் தாண்டிப் போனால் மதுராந்தகம் வரும். அந்த வட்டாரத்தில் கோழியாளம் என்றொரு கிராமம். சுமார் 165 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பிறந்தவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

சாலையில் நடப்பதற்கு நாம் யாரிடமாவது அனுமதி கேட்கிறோமா? இல்லையே! ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழகத்தின் பல ஊர்களில் சில தெருக்கள் வழியாகத் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. குளத்தில் இறங்கக் கூடாது. காரணம், அவர்கள் பிறந்த சாதி. வரிப் பணத்தில் போட்ட சாலைக்கே இந்தக் கதி என்றால் பாருங்கள்.

சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். அங்கே சுமார் 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாரும் உயர்சாதியினர் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். யாருடனாவது சிநேகமாகப் பேசினால், "உன் வீடு எங்கே? நீங்கள் என்ன சாதி?" என்று கேட்டுவிடுவார்களே! தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே! அந்தப் பயத்தில் மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக் கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் கூட வந்துவிடாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் மணியோசை கேட்டவன் நான். அந்த மணிக்காக வாசலுக்கு வெளியே ஒரு பையன் ஒளிந்திருந்தான் என்று படித்தபோது மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் கணக்கர் வேலை. 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி மற்றவர்கள் தம் மக்களை இழிவு செய்தார்களோ, அதையே பத்திரிகையின் தலைப்பில் பெரிதாக அச்சிட்டார். ஒளிந்து ஒளிந்து பள்ளிக்குப் போன பையனுக்கு எவ்வளவு துணிச்சல் வந்துவிட்டது பார்த்தீர்களா? முதலில் மாத இதழாக வந்த அது, பிறகு வார இதழாகி 1900 வரை வெளிவந்தது.

அதன்பின் கப்பலேறி ஆப்பிரிக்கா போனார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்பினார்.

1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். என்னைப் போன்றவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் வயது! அவர் தேர்தலில் நின்று வரவில்லை. அரசு நியமித்த உறுப்பினர் அவர். அக்காலத்தில் சொத்து இருந்தவர்களுக்கும் வரி கட்டியவர்களுக்கும்தான் பெரும்பாலும் ஓட்டு உண்டு. நிலமே இல்லாத மக்களுக்கு ஓட்டு ஏது? ஆகவேதான் அவர்கள் சார்பில் பேசச் சிலரை அரசே நியமித்தது. (அவருக்கு முன்பே, 1920-லேயே சட்டசபைக்குள் நுழைந்த எம்.சி. ராஜா நம் பரங்கிமலைக்காரர், பள்ளி ஆசிரியர். அவர் கதையை இன்னொரு வாரம் சொல்கிறேன்.)

1924 ஆகஸ்ட் 22. சீனிவாசன் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம்; யாரும் ஆட்சேபிக்கக் கூடாது. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்கள் எல்லாவற்றுக்கும் மற்றவர்களைப் போலவே தாழ்த்தப்பட்ட மக்களும் போகலாம். இவ்வளவுதான் அவர் கேட்டது. தங்கமா கேட்டார், வைரமா கேட்டார்? தீர்மானம் நிறைவேறியது. அரசும் அதை ஏற்றுக்கொண்டு, 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் என்பது 'இப்படிச் செய்யுங்கள்' என்று சபை அரசுக்குச் சொல்லும் யோசனை. அதை மீறுகிறவருக்குத் தண்டனை கிடையாது. அதனால் அரசிதழில் அச்சான மறுநாளே கிணறுகள் எல்லாம் திறந்துவிடவில்லை. வழிமறிப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று ஆர். வீரையன் போன்ற உறுப்பினர்கள் தொடர்ந்து சபையில் போராட வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம்தான் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் சில ஊர்களிலிருந்து இத்தகைய செய்திகள் வரத்தான் செய்கின்றன.

1930-லும் 1931-லும் லண்டனில் வட்டமேசை மாநாடுகள் நடந்தன. டாக்டர் அம்பேத்கருடன் சீனிவாசனும் போனார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரிடம், "தீண்டாமை என்றால் என்ன?" என்று கேட்டாராம். தாழ்த்தப்பட்டவன் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தால், மேல்சாதிக்காரர் தொட்டுத் தூக்கமாட்டார் என்று இவர் விளக்கியதும் மன்னர் திடுக்கிட்டுப் போனாராம்.

அரசு அவருக்கு 'திவான் பகதூர்' பட்டம் கொடுத்தது. 1945 செப்டம்பர் 18-இல் அவர் காலமானார். 2000-ஆம் ஆண்டில் தபால்துறை அவர் படத்துடன் அஞ்சல்தலை வெளியிட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

1939-இல் அவர் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய புத்தகம். தமிழ் கொஞ்சம் பழைய நடையில் இருக்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்குப் புரியும். சின்னப் பிள்ளைகள் அம்மாவையோ தாத்தாவையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள்.