வெளிச்சம் போட்டுக் குளிர வைக்கிறார்கள்!

மன்னவனூரில் மார்கழி ராத்திரி தங்கியிருக்கிறீர்களா? கொடைக்கானலைத் தாண்டி சுமார் 35 கிலோமீட்டர். ஏரி, புல்வெளி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம். ரெண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, நண்பன் தூங்கியபின் உருவிய அவன் கம்பளி... அப்படியும் பல் தந்தியடித்தது.

"இதெல்லாம் ஒரு குளிராண்ணே?" என்றான் நண்பனின் தம்பி. பெங்களூரில் பிஎச்.டி. பண்ணுகிறான். சைபருக்குக் கீழே 273.15 டிகிரி, அதற்குமேல் குளிர இயற்கையில் இடமில்லை. அந்த எல்லைக்குப் பக்கத்தில், ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் வரை, ரூபிடியம் அணுக்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களாம். ஐஸ் வைத்து இல்லை ஸார், லேசர் வெளிச்சம் அடித்து!

வெயிலில் நின்றால் சுடத்தானே செய்யும்? விஷயம் இதுதான். சூடு என்பதே அணுக்களின் ஓட்டம். சாதாரண அறையில் ரூபிடியம் அணு செகண்டுக்கு ஏறக்குறைய 300 மீட்டர் பறக்கிறது. எதிரே வரும் ஒளித்துகள் ஒன்று மோதினால் 6 மில்லிமீட்டர் வேகம் குறையும். யானைமேல் கொசு மோதின கதை. ஆனால் செகண்டுக்கு ஒரு கோடி கொசு மோதினால்? ஐம்பதாயிரம் அடியில் யானை நின்றுவிடும். அதற்குச் சில மில்லிசெகண்ட் போதும்.

சரி, பின்னாலிருந்து மோதுகிற ஒளி அணுவை முன்னே தள்ளாதா? அங்கேதான் தந்திரம். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கட்டையாகவும் கேட்கிறதே, அந்த டாப்ளர் விளைவு ஒளிக்கும் உண்டு. லேசரின் சுதியை அணுவுக்குப் பிடித்த சுதிக்கு ஒரு மயிரிழை கீழே வைக்கிறார்கள். லேசரை எதிர்த்து ஓடும் அணுவுக்கு மட்டும் சுதி சேர்கிறது. அது உதை வாங்குகிறது. விலகி ஓடுவதற்குச் சுதி இன்னும் தப்பிப் போகிறது. ஆறு பக்கமும் லேசர் வைத்து, காந்தச் சுருளும் சேர்த்தால், பட்டியில் அடைத்த ஆடு மாதிரி அணுக்கள் நடுவில் கூடிவிடும்.

(இதே டாப்ளரை வைத்துத்தான் 1909ல் கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்தார்.)

1985ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சூ இப்படி அணுக்களை மும்முனையிலும் மடக்கினார். 1988ல் வில்லியம் ஃபிலிப்ஸ் அளந்து பார்த்தால், கணக்கு அனுமதித்ததைவிட அதிகமாகவே குளிர்ந்திருந்தது! கணக்கைத்தான் திருத்த வேண்டியிருந்தது. 1997ல் இருவருக்கும், பிரான்ஸின் கோஹன்-டனூஜிக்கும் நோபல்.

தம்பியின் பிழைப்பு அவ்வளவு ஜோர் இல்லை. காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடி அறை, டஜன் டஜனாகக் கண்ணாடிகள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்பு. யாராவது கதவைச் சாத்தினால் லேசர் சுதி தப்பும். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நடுராத்திரி, டி.வி. திரையில் கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. அத்தனையும் அணுக்கள்.

"கூடப் படிச்சவன்லாம் பாங்க் ஆபீசர். நீ கடுகைப் பிடிச்சு என்னடா பண்ணுவே?" என்றான் என் நண்பன்.

"கடிகாரம்ணே."

2013ல் இஸ்ரோ அனுப்பிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளின் ரூபிடியம் கடிகாரங்கள் மூன்றும் வெளிநாட்டுச் சரக்கு. மூன்றும் 2016ல் படுத்துவிட்டன. நேரம் தப்பினால் இடம் சொல்ல முடியாது. நம்மவர்கள் செய்த கடிகாரம் 2023 மே மாதம்தான் மேலே போயிற்று. அதில் அணுவைக் குளிர வைப்பதில்லை. குளிர வைத்த அணுக்களால் ஓடும் கடிகாரங்கள் கோடிக்கணக்கான வருஷத்துக்கு ஒரு செகண்ட்தான் பிசகும்.

நண்பன் மசியவில்லை. "சம்பளம்?" என்றான்.

எம்.எஸ்ஸி. இயற்பியல் தம்பிகளே, கேட்டுக்கொள்ளுங்கள்: நெட், கேட், ஜெஸ்ட் என்று நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. 2023ல் உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய் ஆக்கினார்கள், ரெண்டு வருஷம் கழித்து 42,000. வாடகைப் படி தனி.